வீட்டு மராமத்து வேலைக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குளியலறையை இடித்துக் கட்டுவது, சமையலறைக்கு மாடுலர் அலமாரி போடுவது, மொட்டை மாடிக்கு நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சு பூசுவது, வீடு முழுவதற்கும் பெயின்ட் அடிப்பது போன்ற வேலைகளுக்காகத் தமிழ்நாட்டில் மேஸ்திரிகளிடமும் ஒப்பந்ததாரர்களிடமும் இன்டீரியர் நிறுவனங்களிடமும் முன்பணம் கொடுப்பவர்களுக்காக இந்தக் கேள்வி பதில்கள் எழுதப்பட்டுள்ளன. புதிதாக அடுக்குமாடி வீடு வாங்குபவர்களுக்கான விதிகள் வேறு. அவை இங்கே ஓரிடத்தில் மட்டுமே வருகின்றன.

முன்பணமே கொடுக்காமல் வேலையைத் தொடங்கச் சொல்ல முடியாதா?

கேட்டுப் பார்க்கலாம், ஆனால் பெரும்பாலும் நடக்காது. சிறிய மேஸ்திரி ஒருவரிடம் கையிருப்பு என்று பெரிதாக எதுவும் இருப்பதில்லை. ஆட்களைத் திரட்டவும், முதல் வண்டி மணலையும் சிமென்ட்டையும் இறக்கவும் அவருக்குப் பணம் வேண்டும். வேலையைப் பாதியில் நிறுத்திவிட்டுப் பணம் தராமல் இழுத்தடிக்கும் வீட்டுக்காரர்களையும் அவர் பார்த்திருப்பார். ஆகவே முன்பணம் கேட்பதையே ஏமாற்றுக்கான அறிகுறியாகக் கொள்ள வேண்டியதில்லை. கேட்கும் தொகையும், அது எதற்கு என்று அவர் சொல்லும் கணக்கும்தான் கவனிக்க வேண்டியவை.

எவ்வளவு முன்பணம் நியாயமானது? சட்டத்தில் உச்சவரம்பு இருக்கிறதா?

மராமத்து வேலைக்கு அப்படி ஓர் உச்சவரம்பு இல்லை. "பத்து சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறதே" என்று பலர் சொல்வதற்கு அடிப்படை, 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் 13ஆம் பிரிவு. பதிவு செய்யப்பட்ட விற்பனை ஒப்பந்தம் இல்லாமல் வீட்டு விலையில் பத்து சதவீதத்துக்கு மேல் கட்டுநர் வாங்கக் கூடாது என்பது அந்தப் பிரிவு. புதிய வீடுகளை விற்கும் திட்டங்களுக்கு மட்டுமே அது பொருந்தும். உங்கள் பழைய வீட்டின் குளியலறையைச் சீரமைப்பவர் அந்தச் சட்டத்தின் வளையத்துக்குள் வருவதில்லை.

எனவே வரம்பை நீங்கள்தான் வைத்துக்கொள்ள வேண்டும். கூலியும் பொருளும் சேர்ந்த வேலை என்றால் மொத்தத் தொகையில் பத்து சதவீதம் போதும். பொருளை நீங்களே வாங்கித் தரும் கூலி ஒப்பந்தம் என்றால் ஒரு வாரக் கூலிக்கு மேல் தேவைப்படாது. பாதித் தொகையை முதலிலேயே கேட்பவரிடம், முதல் பத்து நாட்களில் எந்தெந்தச் செலவு வரும் என்று ஒரு தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். நேர்மையானவர் உட்கார்ந்து எழுதுவார். எழுதும்போதே தொகை குறைவதையும் பார்க்கலாம்.

முன்பணத்துக்குப் பிந்தைய தவணைகளை எப்படிப் பிரிப்பது?

பெரும்பாலான இழப்புகள் முதல் நாள் கொடுக்கும் தொகையால் வருவதில்லை. அடுத்தடுத்த வாரங்களில், வேலை எங்கே நிற்கிறது என்று பார்க்காமல் கொடுக்கும் தொகைகளால்தான் வருகின்றன. தேதிக்கு இவ்வளவு என்று பிரிக்காமல், இந்த வேலை முடிந்தால் இவ்வளவு என்று பிரிப்பதே வழி.

டைல்ஸையும் குழாய்களையும் நீங்கள் தனியாக வாங்கித் தருகிறீர்கள், மற்றதெல்லாம் ஒப்பந்ததாரர் பொறுப்பு, மொத்தம் 2,00,000 ரூபாய் என்று ஒரு குளியலறை வேலையை எடுத்துக்கொள்வோம். ஒப்பந்தம் எழுதும்போது 20,000 ரூபாய் கொடுக்கலாம். பழைய ஓடுகளை உடைத்து, இடிபாடுகளை வீட்டைவிட்டு அப்புறப்படுத்திய பிறகு இன்னொரு 20,000 ரூபாய். இந்த இடத்தில் தாராளம் காட்ட வேண்டாம். உடைப்பது ஓரிரு நாளில் முடியும் மலிவான வேலை. ஆனால் உடைத்து முடித்த நொடியிலிருந்து உங்களுக்குக் குளியலறை கிடையாது, அவருடைய பேரம் பேசும் பலம் கூடிவிடுகிறது. சுவருக்குள் குழாய்களைப் பதித்து, கைப்பம்ப் வைத்து அழுத்தம் கொடுத்துக் கசிவு இல்லை என்று காட்டிய பிறகு 50,000 ரூபாய்.

அடுத்த தவணையான 40,000 ரூபாய்தான் மிக முக்கியமானது. நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சு காய்ந்ததும் தரையில் தண்ணீர் வடியும் துளையான நாணி ட்ராப்பை அடைத்து, வாசலில் சிறு தடுப்புக் கட்டி, தரையில் இரண்டு அங்குல உயரத்துக்குத் தண்ணீரைத் தேக்கி, 48 மணி நேரம் அப்படியே விட வேண்டும். தண்ணீரின் மட்டத்தைச் சுவரில் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். அடுக்குமாடி வீடு என்றால் கீழ் வீட்டுக்காரரிடம் சொல்லி அவர்கள் குளியலறைக் கூரையைப் பார்க்க வேண்டும். ஈரம் தெரியவில்லை என்றால் பணம். தெரிந்தால் அவர் சொந்தச் செலவில் மறுபடியும் பூச வேண்டும். ஓடு ஒட்டிய பிறகு கசிவைக் கண்டுபிடித்தால் புது ஓட்டையும் சேர்த்து உடைக்க வேண்டியிருக்கும் என்பதால், இந்தச் சோதனைக்கு முன் ஓடு ஒட்டத் தொடங்கக் கூடாது என்பதையும் எழுதிவிடுங்கள்.

ஓடு ஒட்டி இடுக்கு நிரப்பியதும் 40,000 ரூபாய், குழாய்களும் கழிவறைக் கோப்பையும் பொருத்தியதும் 20,000 ரூபாய். மீதமுள்ள 10,000 ரூபாயை ஒரு மாதம் புழங்கிப் பார்த்த பிறகு கொடுங்கள். அந்தப் பத்தாயிரம் கையில் இருக்கும் வரையில்தான் ஒழுகும் ஆங்கிள் வால்வைச் சரிசெய்ய ஆள் வரும்.

சனிக்கிழமைதோறும் ஆட்களுக்குக் கூலி கொடுக்க வேண்டும் என்று பணம் கேட்கிறார். தவணையைச் சொல்லி மறுக்கலாமா?

மறுத்தால் திங்கட்கிழமை ஆள் வராது. கட்டட வேலையில் சனிக்கிழமை மாலை என்பது சம்பள நேரம். சித்தாளும் கொத்தனாரும் அந்தப் பணத்தை எதிர்பார்த்துத்தான் வாரம் முழுக்க வெயிலில் நிற்கிறார்கள். கொடுங்கள், ஆனால் அடுத்த தவணையில் கழித்துக்கொள்ளும்படி கொடுங்கள்.

அதற்கு ஒரு நாற்பது பக்க நோட்டுப் புத்தகம் போதும். தேதி, தொகை, எந்த வேலைக்கு, இதுவரை மொத்தம், மேஸ்திரியின் கையொப்பம் என்று ஐந்து கட்டங்கள். நான்காவது கட்டத்தை எக்காரணம் கொண்டும் விட்டுவிடாதீர்கள். ஐயாயிரம், எட்டாயிரம் என்று பிரித்துப் பிரித்துக் கொடுக்கும்போது மொத்தம் எங்கே போய்விட்டது என்பது கொடுத்தவருக்கும் தெரிவதில்லை, வாங்கியவருக்கும் தெரிவதில்லை. கடைசி நாளில் நடக்கும் சண்டைகளில் பாதி, இருவருமே மனக்கணக்கை நம்பியதால் வருபவை. ஆட்களின் கூலிக்கு முழுப் பொறுப்பு ஒப்பந்ததாரருடையது என்ற ஒரு வரியும் ஒப்பந்தத்தில் இருக்கட்டும்.

பொருள் வாங்கத்தான் முன்பணம் என்கிறார். நம்பிக் கொடுக்கலாமா?

கடைக்கு நேராகக் கொடுங்கள். இதை நான் பணம் கொடுத்துக் கற்றுக்கொண்டேன். எங்கள் வீட்டு வேலையின்போது டைல்ஸ் வாங்குவதற்காக 80,000 ரூபாயை மேஸ்திரியின் கையில் கொடுத்தோம். மூன்று வாரம் கழித்துக் கடைக்குப் போய்க் கேட்டபோது, அவர் ஐயாயிரம் மட்டும் கட்டி டிசைனை எடுத்து வைக்கச் சொன்னதாகத் தெரிந்தது. மீதிப் பணம் அவர் ஏற்கெனவே எடுத்திருந்த வேறொரு வேலைக்குச் சிமென்ட்டாகிப் போயிருந்தது. அவரை ஏமாற்றுக்காரர் என்று சொல்ல மாட்டேன், வேலையைப் பிறகு முடித்தும் கொடுத்தார். ஒரு வீட்டின் முன்பணத்தில் அடுத்த வீட்டின் பழைய வேலையை முடிப்பது இந்தத் தொழிலில் சாதாரணமாக நடக்கிறது. அந்தச் சங்கிலி எங்கே அறுகிறதோ அந்த வீட்டுக்காரர் மாட்டிக்கொள்கிறார்.

ஆகவே டைல்ஸ், சானிட்டரி சாமான், பெயின்ட், பிளைவுட் போன்ற பெரிய செலவுகளுக்கு மேஸ்திரியுடன் கடைக்குச் சென்று, தேர்வை அவர் சொல்படி செய்தாலும், பணத்தை உங்கள் கணக்கிலிருந்து கடைக்குக் கட்டி, பில்லை உங்கள் பெயரில் வாங்குங்கள். கடைக்காரர் அவருக்குத் தரும் கமிஷன் போய்விடுமே என்று முகம் சுளித்தால், கூலியில் கொஞ்சம் கூட்டிக் கொடுத்துவிடுவது மலிவு.

பிளைவுட்டில் இன்னொரு கவனமும் தேவை. தண்ணீர் புழங்கும் சமையலறைக்கு, ஈரம் தாங்கும் மரைன் பிளைவுட்டுக்கான ஐஎஸ் 710 தரம் என்று பேசியிருந்தால், அந்த எண்ணும் ஐஎஸ்ஐ முத்திரையும் உரிம எண்ணும் பலகையில் அச்சிடப்பட்டிருக்கும். எட்டுக்கு நான்கடிப் பலகையை அறுத்த பிறகு முத்திரை எந்தத் துண்டில் போனதென்று யாரும் காட்ட முடியாது. அறுப்பதற்கு முன் போட்டோ எடுத்து, உரிம எண்ணை இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பிஐஎஸ் கேர் செயலியில் போட்டுப் பார்த்துவிடுங்கள்.

மாடுலர் கிச்சன் நிறுவனங்கள் பொருத்துவதற்கு முன்பே முழுத் தொகையும் கேட்கின்றனவே?

உண்மைதான். முன்பதிவுக்கு ஒரு சிறு தொகை, வரைபடம் முடிவானதும் பாதி, தொழிற்சாலையிலிருந்து அனுப்புவதற்கு முன் மீதி என்பதே பல நிறுவனங்களின் வழக்கம். உங்கள் சுவரின் அளவுக்கு அறுத்த பலகையை வேறு எவருக்கும் விற்க முடியாது என்று அவர்கள் சொல்லும் காரணத்திலும் நியாயம் இருக்கிறது. இருந்தாலும் பொருத்திய பிறகு தர வேண்டிய தொகை என்று ஐந்து முதல் பத்து சதவீதமாவது நிறுத்திவைக்கக் கேளுங்கள். எழுதிய ஒப்பந்தப் படிவமே இறுதியானது என்று விற்பனையாளர் சொன்னாலும், மாத இலக்கு முடியும் கடைசி வாரத்தில் பேசிப் பாருங்கள்.

அனுப்புவதற்கு முன்னான தவணையைக் கட்டும் முன், தொழிற்சாலைக்கு நேரில் போக முடிந்தால் போய்விடுங்கள். தயாரான பலகைகளில் வாடிக்கையாளர் பெயரோ ஆர்டர் எண்ணோ கொண்ட ஒட்டுத்தாள் இருக்கும். உங்கள் எண்ணுள்ள பலகைகளைக் கண்ணால் பார்த்த பிறகு பணம் கட்டுவது வேறு; தயாராகிவிட்டது என்ற வாட்ஸ்அப் செய்தியை நம்பிக் கட்டுவது வேறு. மாதத் தவணைக் கடன் ஏற்பாடு செய்து தருகிறோம் என்றால் அதிகம் யோசிக்க வேண்டும். கடன் உங்களுக்கும் நிதி நிறுவனத்துக்கும் இடையிலானது. அலமாரி வராவிட்டாலும் தவணை உங்கள் கணக்கிலிருந்து போய்க்கொண்டே இருக்கும்.

ஒப்பந்ததாரர் உண்மையானவர்தானா என்று எப்படிச் சரிபார்ப்பது?

அவர் முடித்த வேலைகளைவிட, இப்போது நடந்துகொண்டிருக்கும் வேலையைக் காட்டச் சொல்லுங்கள். முடித்த வீட்டின் போட்டோ யாருடையதாகவும் இருக்கலாம். நடக்கும் இடத்தில் வீட்டுக்காரர் இருப்பார், ஆட்கள் ஒழுங்காக வருகிறார்களா என்பதை அவரே சொல்வார்.

ஜிஎஸ்டி எண் இருந்தால் அதை ஜிஎஸ்டி இணையதளத்தில் யாரும் இலவசமாகத் தேடிப் பார்க்கலாம். எண் 15 எழுத்துகளும் இலக்கங்களும் கொண்டது. முதல் இரண்டு இலக்கங்கள் மாநிலத்தைக் குறிக்கும், தமிழ்நாட்டுக்கு 33. அடுத்த பத்தும் அவருடைய பான் எண். தேடும்போது வரும் பெயரும், பில்லில் உள்ள பெயரும், யுபிஐயில் பணம் அனுப்பும்போது திரையில் தோன்றும் பெயரும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பாருங்கள். "மனைவி கணக்குக்கு அனுப்புங்கள் சார்" என்று சொன்னால், அந்தக் கணக்குக்குச் செலுத்துவது இந்த வேலைக்கான தொகைதான் என்று அவர் கையால் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஆண்டு வருவாய் 20 லட்சம் ரூபாய்க்குக் கீழ் உள்ள சேவை வழங்குநர் ஜிஎஸ்டியில் பதிவு செய்ய வேண்டிய கட்டாயம் பொதுவாக இல்லை என்பதால், எண் இல்லாததே குற்றமாகாது. ஆனால் பதிவு இல்லாதவர் உங்களிடம் ஜிஎஸ்டி என்று தனியாக வசூலிக்க முடியாது.

"பில் வேண்டாம் என்றால் 18 சதவீதம் குறையும், ரொக்கமாகக் கொடுங்கள்" என்கிறார். லாபம்தானே?

வேலை நல்லபடியாக முடிந்தால் லாபம் போலத் தெரியும். முடியாவிட்டால், நீங்கள் பணம் கொடுத்தீர்கள் என்பதற்கே சான்று இருக்காது. பதிவு பெற்ற ஒப்பந்ததாரர் முன்பணம் வாங்கும்போது வரவுச் சீட்டு தர வேண்டும் என்றும், வேலை நடக்காமல் பணத்தைத் திருப்பினால் அதற்குத் தனிச்சீட்டு தர வேண்டும் என்றும் ஜிஎஸ்டி சட்டமே சொல்கிறது. அந்தச் சீட்டைத்தான் அந்தச் சலுகையில் நீங்கள் விற்றுவிடுகிறீர்கள். தவிர, ஒரே வேலைக்காக 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெறுவதை வருமான வரிச் சட்டம் தடைசெய்கிறது. அபராதம் வாங்கியவருக்குத்தான் என்றாலும், அப்படிப்பட்ட வரவை அவர் எழுத்தில் ஒப்புக்கொள்வார் என்று எதிர்பார்க்க முடியாது.

எங்கள் மேஸ்திரி பதினைந்து ஆண்டுகளாகத் தெரிந்தவர். ஒப்பந்தம் எழுதச் சொன்னால் கோபித்துக்கொள்ள மாட்டாரா?

ஒப்பந்தம் என்ற சொல்தான் கோபத்தை வரவழைக்கிறது. "அண்ணே, எனக்கு ஞாபக மறதி, பேசினதை வாட்ஸ்அப்பில் போட்டுவிடுகிறேன், சரியா என்று பாருங்கள்" என்று சொன்னால் எவரும் மறுப்பதில்லை. என்ன வேலை, என்ன தரப் பொருள், மொத்தம் எவ்வளவு, எந்தக் கட்டத்தில் எவ்வளவு, எப்போது முடியும், கூடுதல் வேலை வந்தால் செய்வதற்கு முன் விலை பேச வேண்டும் என்பவற்றை எழுதி அனுப்பி, "சரி" என்ற பதிலை வாங்கிக்கொள்ளுங்கள். வாய்மொழி ஒப்பந்தமும் சட்டப்படி செல்லும், நிரூபிப்பதுதான் கடினம். வாட்ஸ்அப் உரையாடலைச் சான்றாகத் தாக்கல் செய்ய 2023ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டப்படி ஒரு சான்றிதழை இணைக்க வேண்டும் என்பதால், அந்த உரையாடலை அழிக்காமல், போன் மாற்றும்போதும் இழக்காமல் வைத்திருங்கள். பெரிய தொகை என்றால் முத்திரைத்தாளில் எழுதி இரண்டு சாட்சிகளின் கையொப்பம் வாங்குவதே முறை.

முடிக்கும் தேதியை எழுதும்போது ஆடி, தீபாவளி, பொங்கல், வெளிமாநிலத் தொழிலாளர்கள் ஊருக்குப் போகும் நாட்கள் எல்லாவற்றையும் கணக்கில் சேர்த்து எழுதுங்கள். நடக்காது என்று இருவருக்கும் தெரிந்த தேதியை எழுதினால் அதற்கு மதிப்பிருக்காது.

வேலை வேண்டாம் என்று நான் முடிவு செய்தால் கொடுத்த பணம் திரும்பக் கிடைக்குமா?

அது என்ன பெயரில் கொடுத்த பணம் என்பதைப் பொறுத்தது. அச்சாரம் என்பது பேச்சு உறுதியானதற்கு அடையாளம். கொடுத்தவர் பின்வாங்கினால் இழக்க நேரிடலாம். முன்பணம் என்பது விலையின் ஒரு பகுதி. செய்த செலவு போக மீதியைத் திருப்பிக் கேட்கலாம். டோக்கன், அட்வான்ஸ், புக்கிங் என்று ஆளுக்கொரு சொல்லைப் பயன்படுத்துவதால், ரசீதில் "மொத்தத் தொகையில் கழிக்கப்படும் முன்பணம்" என்று எழுதச் சொல்லுங்கள். "திருப்பித் தரப்பட மாட்டாது" என்று அச்சிட்டிருந்தாலும், ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆம் பிரிவு நியாயமான இழப்பீட்டுக்கு மேல் பறிமுதல் செய்வதை ஏற்பதில்லை.

நான் துபாயில் இருக்கிறேன், வீடு திருச்சியில் இருக்கிறது. என்ன செய்வது?

தவணைகளை இன்னும் சிறியதாக்கி, ஒவ்வொன்றையும் வீடியோ அழைப்பில் பார்த்த பிறகே அனுப்புங்கள். சரிபார்க்கும் உறவினரும் பணம் கொடுக்கும் ஆளும் வேறு வேறாக இருந்தால் நல்லது. மச்சான் கையில் மொத்தப் பணத்தையும் அனுப்பி வைத்தால், வேலையில் குறை வரும்போது மச்சானிடமும் கேட்க முடியாது, மேஸ்திரியிடமும் கேட்க முடியாது.

பணத்தை வாங்கிக்கொண்டு இரண்டு வாரமாக வரவில்லை, போனையும் எடுப்பதில்லை. முதலில் என்ன செய்ய வேண்டும்?

அடுத்த தவணையைக் கொடுத்தால் வருவார் என்ற எண்ணத்தை முதலில் விடுங்கள். வேலை நிற்கும் நிலையைத் தேதி தெரியும்படி போட்டோவும் வீடியோவும் எடுத்து, வேறொரு பொறியாளரிடம், செய்த வேலையின் மதிப்பு எவ்வளவு என்று எழுத்தில் வாங்குங்கள். இதைச் செய்யாமல் வேறு மேஸ்திரியை வைத்து முடித்துவிட்டால், முன்னவர் எவ்வளவு செய்தார் என்று யாராலும் சொல்ல முடியாது. பிறகு, குறிப்பிட்ட நாளுக்குள் வேலையைத் தொடங்க வேண்டும், இல்லையேல் மீதித் தொகையைத் தர வேண்டும் என்று, சேர்ந்ததற்கான சான்று கிடைக்கும்படி ஸ்பீட் போஸ்டில் கடிதம் அனுப்புங்கள்.

நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாமா?

போகலாம், சொந்த வீட்டுக்கான வேலை என்பதால் நீங்கள் நுகர்வோர், கொடுத்த பணத்துக்கு வேலை செய்யாதது சேவைக் குறைபாடு. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் கொடுத்த தொகை 50 லட்சம் ரூபாய் வரை என்றால் மாவட்ட ஆணையமே விசாரிக்கும். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை. நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே மனு கொடுக்கலாம், வழக்கறிஞர் கட்டாயமில்லை, இ-ஜாக்ரிதி தளத்தில் இணையவழியாகவும் தாக்கல் செய்யலாம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் செய்துவிட வேண்டும். "அடுத்த மாதம் வருகிறேன்" என்ற பேச்சிலேயே அந்தக் காலம் ஓடிவிடுவதைப் பார்க்கிறோம். எதிர்த்தரப்பு பதில் தர 30 நாள், நீட்டித்தால் இன்னும் 15 நாள். அதற்கு மேல் கிடையாது. மூன்று மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொன்னாலும் நடைமுறையில் கூடுதலாகவே ஆகும். மனுவுக்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியலாம். பெயருக்கு அஞ்சும் பெரிய நிறுவனங்கள் சில சமயம் அதிலேயே இறங்கி வரும், தனி மேஸ்திரியிடம் அது அவ்வளவாகப் பலிக்காது. அவர் விஷயத்தில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுத்துச் சமரசம் பேசுவது பொருத்தமானது.

காவல் நிலையத்தில் "இது சிவில் விவகாரம்" என்று திருப்பி அனுப்புகிறார்கள்.

பல சமயம் அவர்கள் சொல்வது சரிதான். வேலையைத் தொடங்கிப் பாதியில் விட்டது ஒப்பந்த மீறல்; தொடக்கத்திலிருந்தே ஏமாற்றும் எண்ணம் இருந்தால்தான் அது பாரதிய நியாய சன்ஹிதாவின் 318ஆம் பிரிவின்படி மோசடி. பொய்ப் பெயர், போலி ஜிஎஸ்டி எண், இல்லாத கடையின் பில், ஒரே வாரத்தில் பல வீடுகளில் பணம் வாங்கித் தலைமறைவானது போன்றவை இருந்தால் அந்த ஆவணங்களோடு மனு கொடுத்து, மனுவைப் பெற்றுக்கொண்டதற்கான சிஎஸ்ஆர் ரசீதை வாங்கிக்கொள்ளுங்கள். இணைய விளம்பரத்தைப் பார்த்துப் பணம் அனுப்பியதும் ஆள் மறைந்துவிட்டார் என்றால், ஒரு மணி நேரமும் தாமதிக்காமல் இணைய மோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணுக்கு அழையுங்கள்.

பணத்தைத் திருப்பித் தருவதாகச் சொல்லித் தேதியிட்ட காசோலை கொடுத்திருக்கிறார். வாங்கலாமா?

வாங்கலாம், ஆனால் எதற்கான காசோலை என்று ஒரு கடிதமும் அவரிடம் எழுதி வாங்குங்கள். பாதுகாப்புக்காகக் கொடுத்தது என்று பின்னால் சொல்ல இடம் தரக் கூடாது. தேதியிலிருந்து மூன்று மாதத்துக்குள் வங்கியில் போட வேண்டும். பணமில்லாமல் திரும்பினால், வங்கி தகவல் தந்த 30 நாட்களுக்குள் எழுத்தில் அறிவிப்பு அனுப்ப வேண்டும். அது அவருக்குக் கிடைத்த 15 நாட்களுக்குள் பணம் வராவிட்டால், அடுத்த ஒரு மாதத்துக்குள் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138ஆம் பிரிவின்படி நீதித்துறை நடுவர் மன்றத்தில் வழக்குத் தொடர வேண்டும். "இன்னும் பத்து நாள் பொறுங்கள், மறுபடியும் போடுங்கள்" என்று அவர் கேட்டால், புதுத் தேதியிட்ட வேறு காசோலையை வாங்கிக்கொண்ட பிறகே பழையதைத் திருப்பிக் கொடுங்கள்.